பட்டியும் அஷ்டபந்தனமும்

எங்கள் ஊர் வழியாக உடம்பில்லாத லாரிகள் போகும். அறுபதுகளின் கடைசியில் நான் பள்ளிக்கூடப் பையன். வாழப்பாடி மெயின் ரோட்டுப் புளியமரத்தடியில் நின்று அவற்றை எண்ணுவது எங்களுக்கு விளையாட்டு. எண்ணூர் லேலண்ட் ஆலையில் கிளம்பி, உளுந்தூர்பேட்டை, ஆத்தூர் தாண்டி, சேலம் வழியாக நாமக்கல்லுக்குப் போகும் வெறும் சேஸ்கள். முன்னால் எஞ்சின், பின்னால் நீளமாக இரண்டு இரும்புச் சட்டம், சக்கரம், ஸ்டியரிங், அவ்வளவுதான். கூரை கிடையாது, கதவு கிடையாது. டிரைவர் ஒரு பலகையைக் கட்டி அதன்மேல் உட்கார்ந்திருப்பார். தலையில் துண்டு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. மழை பெய்தால் நனைந்துகொண்டே போவார்.

இரண்டு மாதம் போனால் அந்த வண்டிகள் கூண்டு கட்டி, பச்சையும் சிவப்புமாகப் பெயின்ட் அடித்து, நெற்றியில் ஆஞ்சநேயர் துணை என்று எழுதிக்கொண்டு எதிர்ப்பக்கமாக வரும். "அன்னைக்குப் போச்சே, அதே வண்டிடா" என்போம். எதை வைத்துச் சொன்னோம் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் இல்லை. ஆனால் சத்தியம் செய்திருப்போம்.

1973இல், பதினைந்து வயதில், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தேன். மரவேலை ஒருவர், இரும்பு வேலை ஒருவர், தகடு அடிக்க டிங்கர், கடைசியில் பெயின்டர். நான் டிங்கர் மேஸ்திரியிடம் போனேன். 1986இல் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறியபோது என் பெட்டியில் வேட்டி இரண்டு, ஊறுகாய் ஒரு பாட்டில், மேஸ்திரி கொடுத்த சுத்தியல் ஒன்று. அந்தச் சுத்தியல் இன்னமும் பேளூர் ரோட்டில் இருக்கிற என் கொட்டகையில் தொங்குகிறது. இப்போது அதில் நான் தட்டுவதெல்லாம் டிராக்டர் மட்கார்டும் பாக்கு ஏற்றும் பிக்கப் வண்டியின் கதவும்தான்.

ஷார்ஜாவில் 1990இல் வந்தது ஒரு வெள்ளை போர்ஷே. லெபனான்காரர் ஒருவருடையது. 930 என்று அந்த மாடலுக்கு எண். 1974இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த டர்போ கார். முதலில் மூன்று லிட்டர் எஞ்சின், 260 குதிரைத்திறன். 1978 மாடலில் 3.3 லிட்டர், 300 குதிரைத்திறன். இவருடையது பிந்தையது. காரோடு ஒரு மரப்பெட்டியும் வந்தது. உள்ளே வைக்கோலில் சுற்றிய பைபர் மட்கார்டுகள், முன்பக்கத்து ஏப்ரன், மோட்டார் வைத்து எழும்பும் விளக்குகள். அந்தக் காரின் தவளைக் கண்ணைப் பிடுங்கிவிட்டு, மூக்கைத் தட்டையாக்கித் தர வேண்டும். பெட்டியின் மூடியில் ஒரு ரேஸ் காரின் படம் ஒட்டியிருந்தது. "இதைப் போல" என்று விரலால் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

அந்தப் படத்தில் இருந்தது 935. அதன் கதையைப் பின்னால் தெரிந்துகொண்டேன். என் தொழிலில் நான் கேட்ட கதைகளில் வேதாந்தம் அதிகமாக உள்ளது இதுதான். 1976இல் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு ஐந்தாம் பிரிவு ரேஸுக்கு ஒரு விதி வைத்தது. கடையில் விற்கிற காரை எடுத்து எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்; ஆனால் அது அந்தக் கார்தான் என்று தெரிய வேண்டும். அப்படித் தெரிய எது எது மாறாமல் இருக்க வேண்டும்? பானெட், கூரை, கதவு. மட்கார்டை எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அகலமான டயர் வைக்க இடம் வேண்டுமே என்று கொடுத்த சலுகை அது. நார்பர்ட் சிங்கர் என்ற போர்ஷே பொறியாளர் அதைத் திரும்பத் திரும்பப் படித்திருக்க வேண்டும். அவர்கள் காரில் முன்விளக்கு பானெட்டில் இல்லை, மட்கார்டில்தான் இருக்கிறது. மட்கார்டை அகலப்படுத்தலாம் என்றால் தாழ்த்தவும் செய்யலாம்தானே? தாழ்த்தினார். கண் போயிற்று. காற்று மேலே வழுக்கிக்கொண்டு போயிற்று, மூக்கு தரையோடு ஒட்டிற்று. 1979இல் ஜெர்மனியின் கிரெமர் சகோதரர்கள் தயாரித்த 935 லே மான் இருபத்துநாலு மணி நேர ரேஸையே ஜெயித்தது. அதைப் பார்த்த பணக்காரர்களுக்கெல்லாம் தங்கள் வீட்டுக் காருக்கும் அந்த முகம் வேண்டும் என்று ஆசை வந்தது. கம்பெனியே சிலருக்குக் கையால் செய்து கொடுத்தது. மற்றவர்களுக்கு என்னைப் போன்ற ஆட்கள்.

ஒரு பொருளில் எது மாறினாலும் அது அதுவாகவே இருக்கும், எது மாறினால் அது வேறாகிவிடும் என்ற கேள்வியோடு நம் ஆசாரியர்கள் நூற்றாண்டுகளாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ரேஸ் நடத்துகிறவர்கள் ஒரு கூட்டம் போட்டு, பானெட், கூரை, கதவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர்கள் கதவைச் சேர்த்தது சரி என்று பிறகு பட்டது. அதைச் சொல்கிறேன்.

வேலை ஏழு வாரம் ஆயிற்று. அந்தக் காரில் முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது. கழற்றினால் கையோடு வந்துவிடும். பின்பக்கம் அப்படி இல்லை, பாடியோடு பற்றவைத்தது. காற்று போக அதில் வாய் வெட்ட வேண்டும். 1976 மாடலிலிருந்து அவர்கள் பாடித் தகட்டுக்குத் துத்தநாகம் பூசிவிட்டார்கள். அதில் கேஸ் வெல்டிங் வைத்தால் வெள்ளையாகப் புகை வரும். குடித்தவனுக்கு ராத்திரி குளிர்காய்ச்சல். நான் இரண்டு ராத்திரி நடுங்கினேன். எங்கள் கராச்சி உஸ்தாத் பால் காய்ச்சிக் கொடுத்தார். பாலுக்கும் துத்தநாகத்துக்கும் என்ன சம்பந்தமோ, உலகத்து டிங்கர்கள் எல்லாருக்கும் அதுதான் வைத்தியம்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் பார்த்தால் அங்கே கார் என்று ஒன்று இல்லை. ஸ்டாண்டில் ஒரு கூடு. சுவரோரம் மட்கார்டு. கோணிச்சாக்கில் போல்ட். எஞ்சின் தனியாகத் துணி போர்த்திக் கிடக்கிறது. மிலிந்தனின் கேள்விகள் என்ற பௌத்த நூலில் நாகசேனர் என்ற பிக்கு கிரேக்க அரசனிடம் கேட்பாரே, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று. எதுவும் இல்லை, தேர் என்பது வெறும் பெயர், நீயும் அப்படித்தான் என்று முடிப்பார். ரொம்ப வருஷம் கழித்துத்தான் அந்தக் கதையைக் கேட்டேன். கேட்டவுடன் எனக்கு ஷார்ஜாக் கொட்டகைதான் ஞாபகம் வந்தது. நாகசேனர் அரசனிடம் கேட்டார், தச்சனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் ஒன்று சொல்லியிருப்பான். நான் கழற்றிய ஒவ்வொரு உறுப்பிலும் சாக்கட்டியால் எண் போட்டு வைத்திருந்தேன். சாக்கில் இருந்த போல்ட்டுக்குக்கூடச் சீட்டு. எல்லாம் பிரிந்து கிடந்தாலும் எதற்குப் பக்கத்தில் எது போக வேண்டும் என்ற ஒழுங்கு எங்கேயோ இருந்தது. பெயர் என்று அவர் லேசாகச் சொல்லிவிட்டது அந்த ஒழுங்கைத்தான். அதைத் தொலைத்துவிட்டு ஒரு வண்டியையாவது அவர் மாட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

பெயின்ட் காய்ந்து, பாலிஷ் போட்டு, லெபனான்காரரைக் கூப்பிட்டோம். வந்தார். கிட்டே வரவில்லை. முன்னால் போய்ப் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார். ஆசைப்பட்டுக் கேட்டது அவர்தான். ஆனால் முகத்தில் அந்நியர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது போன்ற ஒரு கலக்கம். உஸ்தாத் என்னைப் பார்த்தார். மனிதர் பணம் தராமல் போய்விடுவாரோ என்று பயம். அப்புறம் அவர் மெல்ல டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து சாத்தினார். அந்தக் காரின் கதவுக்கு ஒரு சத்தம் உண்டு. பெட்டகத்தைப் பூட்டுவது போல, குறுகலாக, கனமாக, டக் என்று. அவர் முகம் மாறிவிட்டது. இன்னொரு தரம் திறந்து சாத்தினார். சிரித்தார்.

சேக்கிழார் சொல்லும் திருமூலர் கதையில் இதே கட்டம் வருகிறது. கயிலையிலிருந்து வந்த சிவயோகி திருவாவடுதுறைக்குப் பக்கத்தில் காவிரிக்கரையில், செத்துக் கிடக்கும் சாத்தனூர் இடையன் மூலனைச் சுற்றி மாடுகள் கதறுவதைப் பார்க்கிறார். மனம் பொறுக்காமல் மூலன் உடம்புக்குள் புகுகிறார். மாடுகளுக்குச் சந்தோஷம், நக்கிக்கொண்டு பின்னால் வருகின்றன. சாயங்காலம் மாடுகள் வீடு திரும்புகின்றன. மூலனின் மனைவி வந்து தொடப்போகிறாள். எனக்கும் உனக்கும் உறவில்லை என்று அவர் விலகிவிடுகிறார். ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்த்து, இவர் யோகி, உன் புருஷன் இல்லை என்று அவளை அழைத்துப் போய்விடுகிறார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தால் அவருடைய சொந்த உடம்பு வைத்த இடத்தில் இல்லை. அப்புறம் மூலன் உடம்பிலேயே இருந்து மூவாயிரம் பாட்டுப் பாடினார்.

திருவாவடுதுறை ஆதீனத்தின் சித்தாந்த வகுப்பில் இந்தக் கதையைக் கேட்ட அன்று எல்லாரும் கூடுவிட்டுக் கூடு பாய்ந்ததைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். என் மனசு அந்தப் பெண்ணிடமே நின்றுவிட்டது. அவள் கண்டது என்ன? அதே தோள், அதே நடை, அதே கை. அவள் கதவைச் சாத்திப் பார்த்தாள், சத்தம் அதேதான். மாடுகளுக்குக் கிடைத்த ஆறுதல்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை. உள்ளே இருப்பவர் வேறு என்று தத்துவம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். நாற்பது வருஷம் உடம்பு வேலை பார்த்தவன் நான். என்னால் அவள் பக்கம்தான் நிற்க முடிகிறது.

உடம்பு சட்டை என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி நமக்குப் பழக்கமாகிவிட்டது. கிழிந்தால் கழற்றிப் போடு, வேறு மாட்டிக்கொள். சாவு வீட்டில் ஆறுதலுக்கு நல்ல வார்த்தை. ஆனால் சட்டையை மாற்றினால் ஆள் மாறுவதில்லை. நான் மாட்டிய தட்டை மூக்கு அந்த லெபனான்காரரை மாற்றிவிட்டது. அதற்கு முன்னால் அவர் நிதானமாக ஓட்டுகிறவர். பட்டறைக்குள் காரை நுழைக்கும்போது கோழிக்குஞ்சுக்கு வழி விடுவது போல நுழைப்பார். தட்டை மூக்கு வந்த பிறகு ரோட்டில் அவரைப் பார்த்த பையன்கள் வந்து வந்து சொன்னார்கள், "உங்க ஆளு பறக்கறாரு" என்று. எங்கள் பக்கத்துக் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவரைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பகலில் பீடிக்குக் கடன் கேட்கிறவர், கிரீடமும் புஜக்கட்டையும் ஏறிய பிறகு குரலே வேறு. வேஷம் வெளியேதான் கட்டுகிறார்கள், அது உள்ளே போய்விடுகிறது.

மூன்றாவது மாதம் கார் திரும்பி வந்தது, இடது மூக்கு நொறுங்கி. ஒரு ரவுண்டானாவில் சுற்றிவிட்டதாம். மனிதருக்கு ஒன்றும் இல்லை. அந்த டர்போவின் குணம் அது. எஞ்சின் எரித்துத் தள்ளுகிற புகை சும்மா வெளியே போகாமல், போகிற வழியில் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியலாம், எரிந்தால் புகையும் கூடும், புகை கூடினால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றும். சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். போன வெடியின் மிச்சம் வரப்போகும் வெடியைப் பெரிதாக்குகிறது. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வினையை மூன்றாகப் பிரித்து வகுப்பில் பலகையில் எழுதியபோது எனக்கு அந்த டர்போவின் நத்தைக்கூடுதான் தெரிந்தது. அதிலும் பழைய டர்போவில் ஒரு தாமதம் உண்டு. மிதித்தவுடன் ஒன்றும் நடக்காது. வளைவில் நுழைந்து, மிதித்ததையே நாம் மறந்த நேரத்தில், மொத்தமாக வந்து முதுகில் அறையும். பயந்து காலை எடுத்தால் எஞ்சின் பின்னால் இருக்கிற கார், வால் முன்னால் வந்துவிடும். மிதித்தது நாம்தான், ஆனால் இப்போது மிதிக்கவில்லை. பிராரத்தத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அழுத்தம் மிஞ்சினால் புகையை வேறு வழியில் விட்டுவிட வேஸ்ட்கேட் என்று ஒரு வால்வு வைத்திருப்பார்கள். "அய்யா, அதைத் திருவருள்னு வெச்சுக்கலாங்களா?" என்று ஆசிரியரைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த சூத்திரத்துக்குப் போய்விட்டார்.

ஆனால் அதே ஆசிரியர்தான் சார்ந்ததன் வண்ணமாதல் என்பதையும் சொல்லிக்கொடுத்தார். உயிருக்குத் தனியாக நின்று ஒளிரும் இயல்பு இல்லை. எதைச் சார்கிறதோ அதன் நிறத்தை எடுத்துக்கொள்ளும், சிவப்புத் துணிமேல் வைத்த பளிங்கு மாதிரி. மலத்தைச் சார்ந்தால் மலம், சிவத்தைச் சார்ந்தால் சிவம். அந்த உயிர் தேற வேண்டும் என்றே இறைவன் தனு, கரணம், புவனம், போகம் என்று நான்கைக் கொடுத்தான். தனு முதலில். உடம்பு தண்டனை இல்லை, மேலே போட்டுக்கொள்கிற துணி இல்லை, அது பட்டறை. உயிர் அதற்குள்தான் செய்து முடிக்கப்படுகிறது. மெய்கண்டார் வழியில் வந்தவர்கள் இவ்வளவு தூரம் சொன்ன பிறகும் நாம் சாவு வீட்டில் சட்டையையே பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்படியானால் எந்த உடம்பு மாறினாலும் ஆள் மாறிவிடுமா, தொடர்ச்சி என்று ஒன்று வேண்டாமா என்று கேட்கலாம். சர்க்கார் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, ஐம்பத்திரண்டாம் பிரிவு: கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எஞ்சின் மாற்ற வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்து மாற்றலாம். சேஸில் அடித்த எண் மட்டும் அசையாது; ஆர்.டி.ஓ. ஆபீசில் பென்சிலால் தாளில் தேய்த்து எடுப்பார்களே, அந்த எண். அது வண்டியின் ஆத்மா போலவே நடந்துகொள்கிறது: கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது, ஒரு வேலையும் செய்வதில்லை, எல்லாம் அதன் பேரில் நடக்கிறது. எனக்கு அது போதவில்லை. சேஸ் எண்ணை யாரும் கதவைச் சாத்திக் கேட்டு அடையாளம் காண்பதில்லை.

எனக்குக் கொஞ்சம் போதுமானதாகப் பட்ட பதில் ஊர் திரும்பிய பிறகு கிடைத்தது. 1999இல் வந்தேன். அடுத்த வருஷம் எங்கள் தெருப் பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம். திருப்பணி தொடங்கும் முன்னால் பாலாலயம் செய்தார்கள். விக்கிரகத்தில் இருந்த சாந்நித்தியத்தைக் கலசத்துக்கு மாற்றி, பக்கத்தில் கீற்றுக் கொட்டகையில் வைத்து, அதற்குத்தான் பூசை. கருவறைக்குள் கொத்தனாரும் நானும் புகுந்து போகலாம். அங்கே இருப்பது இப்போது கல். ஏழு வாரம் ஷார்ஜாவில் அந்தக் கார் எங்கே இருந்தது என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பிரித்து வேலை பார்க்கும்போது உள்ளே இருப்பவருக்கு இடைக்காலத்தில் ஒரு வீடு வேண்டும் என்று யோசித்தவர்கள் நம் சிவாசாரியர்கள்தான்.

பிறகு அஷ்டபந்தனம். விக்கிரகத்தைப் பீடத்தோடு சேர்க்கும் மருந்து. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்கல், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். எட்டையும் சேர்த்து இடிக்க வேண்டும். இடிக்கிறவர்கள் கை ஓய்ந்து போனதும் நான் உலக்கையை வாங்கினேன். ஐந்து நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, இது பட்டி. நான் வாழ்நாள் முழுக்க ரெசினில் ஹார்டனர் கலந்து தகட்டில் இழுத்தேனே, அதேதான். கொஞ்சம் ஹார்டனர் கூடினால் வெடிக்கும், குறைந்தால் காயாது. இவர்களும் அதே மாதிரி உருண்டையைக் கிள்ளிப் பார்த்து, விரலில் நீட்டிப் பார்த்து, "இன்னும் இடிங்க" என்றார்கள். பன்னிரண்டு வருஷம் தாங்கும், அப்புறம் இளகும், மறுபடி வைக்க வேண்டும். நிரந்தரம் என்று யாரும் சொல்லவில்லை. உயிருக்கும் உடம்புக்கும் நடுவே இருப்பது நூல் இல்லை, முடிச்சு இல்லை, இடித்து இடித்துப் பதமாக்கிய ஒரு பசை என்று அன்றைக்குத் தோன்றியது. உஸ்தாத் பக்கத்தில் இருந்திருந்தால் வாட்டர் பேப்பர் கேட்டிருப்பார்.

அந்த லெபனான்காரரின் காருக்குக் கண் வைத்த சாயங்காலத்தையும் சொல்லிவிடுகிறேன். மக்ரிப் பாங்கு முடிந்து உஸ்தாத் தொழுதுவிட்டு வந்தார். பேட்டரி ஒயரைக் கொடுத்தேன். தட்டையாக மூடியிருந்த மூக்கில் இரண்டு மூடிகள் கிர்ரென்று எழும்பின. முதலில் இடது, ஒரு நொடி கழித்து வலது. கொட்டகைச் சுவரில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. அங்கே இருந்த ஆறு பேரும் ஒரு அடி பின்னால் வைத்தோம். சிலைக்குக் கண் திறக்கும்போது நேர் எதிரே மனுஷன் நிற்கக் கூடாது, கண்ணாடியைக் காட்டு, பசுவை நிறுத்து என்பார்கள். ஷார்ஜாவில் பசுவுக்கு எங்கே போவது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கே வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். சேலத்தில்தான். மறுநாள் காலை கட்டைப் பிரிப்பதற்கு முன்னாலேயே வராண்டாவில் செருப்புச் சத்தம் கேட்டு என் வீட்டுக்காரி என்று தெரிந்துவிட்டது. நர்ஸ் பஞ்சை எடுத்தாள்.

"ஏங்க, யாருன்னு தெரியுதுங்களா?"

"தெரியுது. புடவை புதுசா?"

"இதா? எட்டு வருஷமாக் கட்டறேன்."

அது ஊதா. பழுப்பு என்றே நான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து, சொட்டு மருந்து விடுகிற நாளெல்லாம் முடிந்ததும் கொட்டகைக்குப் போனேன். போன மாதம் நானே கலர் கலந்து, பழைய நீலத்தோடு ஒட்டுப் போட்டது தெரியாமல் அடித்துவிட்டேன் என்று பெருமைப்பட்ட டிராக்டர் மட்கார்டு ஆள் வராமல் வாசலில் நின்றது. வெயிலில் பார்த்தேன். பாதி நீலம், பாதி பச்சை. தின்னரை எடுத்து வரச் சொல்லிப் பையனை அனுப்பினேன்.